சுருவின் வெயிலும் உறைபனியும்: நேரில் சென்று பார்த்தபோது

ஜனவரி மாதம் ஒரு விடிகாலை. ராஜஸ்தானின் சுரு நகரத்தில் என் அக்கா மகன் குடியிருக்கும் வீட்டு முற்றம். இரவெல்லாம் அங்கே நின்ற மோட்டார் சைக்கிளின் சீட்டில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தேன். நகக்கண்ணில் ஏறிய குளிர் முழங்கை வரை போனது. உறைபனி.

அதே ஆண்டு மே மாதக் கடைசியில் மறுபடி போனேன். அதே வண்டிதான். பகல் ஒரு மணிக்குக் கடைவீதியில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் சீட்டில் கை வைக்க முடியவில்லை. மருமகன் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு சாக்கை வாங்கித் தண்ணீரில் நனைத்து விரித்தான். "இது இல்லாம இங்க வண்டி எடுக்க முடியாது மாமா" என்றான். அவன் கோவில்பட்டிக்காரன். கரிசல் வெயிலில் வளர்ந்தவன். வங்கி வேலையில் மாற்றலாகி வந்த முதல் கோடையில் அவனே மூன்று நாள் எழுந்திருக்காமல் படுத்துவிட்டான்.

இந்திய வானிலைத் துறையின் பதிவுகளில் சுருவின் இரண்டு எண்களைப் பார்த்ததிலிருந்தே இந்த ஊர் என் மனதில் உட்கார்ந்திருந்தது. 2019 ஜூன் 1 அன்று 50.8 டிகிரி செல்சியஸ். 1973 டிசம்பரில் மைனஸ் 4.6. நடுவே 55 டிகிரிக்கு மேல் இடைவெளி. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சம் 2003 மே 31 அன்று வந்த 45 டிகிரி. நூறு ஆண்டுக்கு முந்தைய பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே மிகக் குறைந்தது 13.9. ஆக, ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்னை கண்ட மொத்த வீச்சே 31 டிகிரிதான். சுருக்காரர் ஒருவர் ஒரே ஆண்டில், ஒரே வீட்டுக்குள் இருந்தபடி, அதைவிடக் கூடுதலாகப் பார்த்துவிடுகிறார்.

லடாக்கின் திராஸ் உறைவதில் வியப்பில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டரைத் தாண்டிய ஊர் அது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் காற்று சராசரியாக ஆறு ஆறரை டிகிரி குளிரும். பலோடி கொதிப்பதும் புரிகிறது. தார் பாலைவனத்துக்குள் இருக்கும் அந்த ஊரில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாகி, 1956இல் அல்வரில் வந்த 50.6 என்ற பழைய உச்சம் முறிந்தது. சுருவோ 300 மீட்டர் உயரம்கூட இல்லாத சமவெளி. பக்கத்தில் பனிமலை கிடையாது. இரண்டு கோடியையும் இந்த ஒரே ஊர் எப்படித் தொடுகிறது என்பதை நின்று பார்க்கத்தான் இரண்டு பருவத்திலும் போனேன்.

ஜனவரிப் பயணத்தில் நான் நின்ற இடம் ஊருக்கு வெளியே ஒரு கடுகு வயல். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் மட்டும் அங்கே கடுகு போடுகிறார்கள். விடியக் கொஞ்சம் நேரம் இருந்தது. மஞ்சள் பூவெல்லாம் தலை கவிழ்ந்து கிடக்க, வயலுக்குச் சொந்தக்காரர் மண்வெட்டியோடு வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார். கம்பளியை முக்காடாகப் போட்டிருந்தார். கால் மட்டும் வெறுங்கால், தண்ணீருக்குள். இந்தக் குளிரில் எதற்கு நீர் பாய்ச்சுகிறார் என்று மருமகன் வழியாகக் கேட்டேன். "பாலா விழுகிற ராத்திரியில் நிலம் காய்ந்திருந்தால் பயிர் கருகிவிடும்" என்றார். உறைபனிக்கு அங்கே பெயர் பாலா. வயலின் வடமேற்கு வரப்பில் குப்பையைக் குவித்துப் புகைமூட்டமும் போட்டிருந்தார்.

சுருவின் புதிருக்குப் பாதி விடை அந்த வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

பகலில் நிலம் வாங்கிய சூட்டை இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் சென்னையிலோ தூத்துக்குடியிலோ காற்றில் நீராவி நிறைய இருக்கிறது. நிலத்திலிருந்து கிளம்பும் சூட்டில் பெரும்பங்கை அது பிடித்துக்கொண்டு மறுபடி கீழேயே அனுப்புகிறது. மேகம் இருந்தால் இன்னும் நல்ல போர்வை. சுருவின் ஜனவரி வானத்தில் இரண்டும் இல்லை. கூரை இல்லாத வீடு மாதிரி, சூடு தடையில்லாமல் போய்விடுகிறது. டிசம்பர் கடைசியில் அங்கே இரவு பதின்மூன்றரை மணி நேரம் நீள்கிறது. அவ்வளவு நேரமும் செலவுதான், வரவே கிடையாது. அடியில் இருப்பதோ காய்ந்த மணல். அதற்குச் சேமிப்பும் இல்லை. ஒரு கிலோ தண்ணீரில் ஒரு டிகிரிக்கு அடங்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு கிலோ மணலில் அடங்கும். வயலில் நீர் பாய்ச்சியவர் செய்தது, நிலத்தின் கையில் கொஞ்சம் சேமிப்பை ஏற்றி வைத்ததுதான்.

இதோடு வடக்கின் காற்றும் சேர்ந்துகொள்கிறது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவை தலைக்கு மேல் இருக்கும்வரை மேகமும் தூறலுமாக இரவுகள் அவ்வளவு குளிர்வதில்லை. அவை இமயத்தில் பனியைக் கொட்டிவிட்டுக் கிழக்கே போன பிறகுதான் சங்கடம். வானம் சட்டென்று வெளுத்து, பனிமலைப் பக்கமிருந்து வறண்ட வடகாற்று இறங்கும். 2023 ஜனவரியிலும் சுரு பூஜ்யத்துக்குக் கீழே போனது. கங்கைச் சமவெளியில் அதே நாட்களில் நடப்பது வேறு. அங்கே மூடுபனி சூரியனை மறைத்துப் பகலைக் குளிரவைக்கிறது. சுருவில் இரவு உறைந்தாலும் காலை பத்து மணிக்கெல்லாம் பளிச்சென்று வெயில் வந்து, மதியம் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

மே மாதம் நான் போய்ச் சேர்ந்த நாளில் ஊரே 'நௌதபா' என்ற ஒரு சொல்லைப் பேசிக்கொண்டிருந்தது. சூரியன் ரோகிணி நட்சத்திரத்தில் நுழைந்ததும் வரும் ஒன்பது எரிநாட்கள். மே 25ஐ ஒட்டித் தொடங்கும். நம் ஊர்க் கத்திரி வெயில் பரணியின் கடைசியில் பிடித்து, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் தொடக்கத்தோடு விடைபெறுகிறது. இங்கே அக்னி நட்சத்திரம் முடியும் இடத்தில் அங்கே நௌதபா ஆரம்பிக்கிறது. பஞ்சாங்கம் போட்டவர்கள் வெயில் வடக்கே நகர்வதைக் கண்ணால் பார்த்தே எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அந்த நாட்களில் நண்பகல் சூரியன் நமக்கு நேர்மேலே இருந்து விலகி வடக்கே போயிருக்கிறது. சுருவில் பகல் சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீளம். நௌதபா நன்றாக எரிந்தால் மழை நன்றாகப் பெய்யும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அந்த நம்பிக்கையும் நம்முடையதுதான்.

பகல் இரண்டு மணிக்கு மருமகனோடு ஊருக்கு வெளியே ஒரு மணல் மேட்டுக்குப் போனேன். 'தோரா' என்பது அங்கத்துச் சொல். போகுமுன் வீட்டுக்காரம்மா எங்கள் இருவர் சட்டைப்பையிலும் ஒரு வெங்காயத்தைப் போட்டு அனுப்பினார், லூ தாக்காதாம். லூ என்பது மேற்கிலிருந்து, சிந்து, பலுசிஸ்தான் பக்கத்து வறண்ட நிலங்களைக் கடந்து வரும் அனல்காற்று. வெங்காயத்துக்கு அந்தச் சக்தி உண்டோ இல்லையோ, கூடவே கொடுத்தனுப்பிய மோருக்கு உண்டு. அதைத்தான் பாதி வழியில் குடித்தோம்.

மெக்கானிக் கடைகளில் என்ஜின் சூடு பார்க்க வைத்திருக்கும் கைக்கருவி ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். மணலின் மேல் காட்டினால் எண் அறுபதைத் தாண்டி நின்றது. பிறகு மருமகன் மணலைக் கையால் தோண்டினான். நான்கு விரல்கடை ஆழத்தில் சூடு பாதி இறங்கிவிட்டது. முழங்கை ஆழத்துக்குப் போனபோது வெதுவெதுப்பு மட்டும்தான். மணல்துகள்களுக்கு நடுவே காற்று அடைபட்டிருப்பதால் சூடு உள்ளே இறங்க முடிவதில்லை. வெயில் தருவது முழுவதையும் மேலே இருக்கும் மெல்லிய தோல் ஒன்றே வாங்கிக் கொதிக்கிறது. கொதித்து, தன்மேல் படும் காற்றைக் கொதிக்க வைக்கிறது. ஈர நிலமாக இருந்தால் வெயிலின் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகியிருக்கும். இங்கே ஆவியாக்க ஒரு சொட்டும் இல்லை. மொத்தமும் சூடாகவே மிஞ்சுகிறது.

உடும்பு மாதிரித் தெரிந்த ஒன்று எங்கள் காலடிச் சத்தம் கேட்டு வளைக்குள் ஓடியது. 'சாண்டா' என்ற முள்வால் பல்லி. அது எந்த நேரத்தில் எந்த ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதை மணலிடமிருந்து கற்றிருக்கிறது.

மேலே இன்னொன்றும் நடக்கிறது. மே மாதத்தில் வடமேற்கு இந்தியாவின் மேல்வானத்தில் காற்று பல நாட்கள் மெதுவாகக் கீழே அமிழ்ந்துகொண்டிருக்கும். அமிழும் காற்று அழுந்தும். அழுந்தினால் சூடேறும், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பத்து டிகிரி. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடாவது இதனால்தான். அமிழும் காற்று மேகம் கூடவும் விடாது. இப்படி நாலைந்து நாள் தொடர்ந்து, மேற்குக் காற்றும் வலுத்து, மழைமேகம் ஏதும் குறுக்கிடாமல் போனால் 47, 48 என்று ஏறி 50ஐத் தொடுகிறது.

சென்னையின் 2003 உச்சமும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். சென்னையைக் காப்பாற்றுவது மதியம் உள்ளே வரும் கடற்காற்று. மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்படுகிறது. அன்று அது வரத் தாமதமான ஒவ்வொரு மணியும் பாதரசத்தில் ஏறியது. அந்தக் கோடையில் ஆந்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடல் என்ற பெரிய தண்ணீர்த்தொட்டியின் காவல் சில நாள் விலகினால் நம் கரையும் சுருவாகப் பார்க்கிறது. சுருவுக்கு அந்தக் காவல் என்றுமே இல்லை.

மாலை ஐந்து மணிக்கு மருமகனின் வங்கிக்கு ஓய்வூதியம் வாங்க வரும் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். வானிலைக் கூடங்களில் அளவெடுக்கும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கொல்லைப்புறத்தில், சுவரிலிருந்து தள்ளி, திறந்த இடமாகப் பார்த்து, தன் கையாலேயே ஒரு மரக்கூண்டு செய்து நிறுத்தியிருக்கிறார். நாலு பக்கமும் இரட்டை அடுக்குச் சாய்சட்டம். உள்ளும் புறமும் வெள்ளைப் பூச்சு. கதவு வடக்கே பார்த்தபடி. இதற்கு ஸ்டீவன்சன் கூண்டு என்று பெயர். இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை.

"ஐந்தரை ஆகட்டும் மேனேஜர் சாப்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். காலை எட்டரைக்குக் குறைந்த அளவு, மாலை ஐந்தரைக்குக் கூடிய அளவு. நாடு முழுக்க அதே நேரம். ஐந்தரை ஆனதும் கதவைத் திறந்தார். உள்ளே நான்கு வெப்பமானிகள். படுத்திருக்கும் இரண்டில் ஒன்று பாதரசம். குழாயின் கழுத்து ஓரிடத்தில் ஒடுங்கியிருப்பதால் ஏறிய பாதரசம் தானாக இறங்காது, நாளின் உச்சத்தில் அப்படியே நிற்கும். இன்னொன்றில் சாராயம்; உள்ளே கிடக்கும் சிறு குச்சியைச் சாராயம் கீழே இழுத்துக்கொண்டு போகும், திரும்ப ஏறும்போது விட்டுவிட்டு ஏறும். குச்சி கிடக்கும் இடம்தான் இரவின் அடிமட்டம்.

என்னைப் படிக்கச் சொன்னார். குனிந்து படித்தேன். "கண் நேரா இருக்கணும் பாய் சாப். கீழிருந்து பார்த்தா ஒரு எண், மேலிருந்து பார்த்தா ஒரு எண்" என்று என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். 46ஐத் தாண்டியிருந்தது. அந்த 46 வெயிலின் சூடல்ல, தரையிலிருந்து ஆளின் மார்பளவு உயரத்தில், நிழலில், காற்றோட்டத்தில் நிற்கும் காற்றின் சூடு என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜனவரியில் சீட்டில் பனி பூத்த காலையில் இதே கூண்டுக்குள் அளவு பூஜ்யத்துக்கு மேலேதான் இருந்ததாம். தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்றுதான் முதலில் குளிர்ந்து கனத்துக் கீழே தங்கும். உயரம் ஒரு முழம் மாறினால் எண்ணும் மாறும். அதனால்தான் உலகமெங்கும் கூண்டுக்கு ஒரே விதி.

இந்த விதியில் அவருக்கு இருந்த பக்தி எனக்குப் பிடித்திருந்தது. 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரின் தானியங்கி நிலையத்தில் 52.9 என்று வந்தபோது ஊடகமெல்லாம் அதையே சொன்னது. பிறகு வானிலைத் துறை பரிசோதித்து, அந்த உணரி 3 டிகிரி கூட்டிக் காட்டியது என்று அறிவித்தது. லிபியாவின் அல் அசீசியாவில் 1922இல் பதிவான 58 டிகிரி தொண்ணூறு ஆண்டுகள் உலக உச்சமாக இருந்து, 2012இல் உலக வானிலை அமைப்பால் தள்ளுபடியானது. ஒரு பெரிய எண் வந்தால் நாம் வாயைப் பிளக்கிறோம். அளவெடுப்பவர் முதலில் கருவியைச் சந்தேகிக்கிறார். சுருவின் 50.8ஐ நான் நம்புவதற்குக் காரணம், அது தனியாக வந்து நிற்கவில்லை. 2020 மே 26 அன்று 50.0. 2024 மே 28 அன்று 50.5. உயர்ந்த எண்கள் எல்லாம் அண்மைக் காலத்தில் நெருங்கி நிற்க, அடிமட்ட எண் மட்டும் 1973இலேயே தங்கிவிட்டது. ஓர் ஊரை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் உலகெங்கும் இதே சாய்வு தெரிகிறது: குளிர்ச் சாதனைகள் இன்னும் முறிகின்றன, வெப்பச் சாதனைகள் அவற்றைவிட அதிகமாக முறிகின்றன. பூமியின் சராசரி கொஞ்சம் ஏறினாலும் விளிம்பில் இருக்கும் சுரு போன்ற ஊர்களில் உச்ச எண்கள் இன்னும் மேலே தள்ளப்படும்.

நின்றிருக்கும் இரண்டு வெப்பமானிகளைக் காட்டாமல் பெரியவர் விடவில்லை. ஒன்று சாதாரணம். இன்னொன்றின் குமிழில் மெல்லிய துணி சுற்றி, துணியின் நுனி தண்ணீர்க் கிண்ணத்தில். துணியிலிருந்து ஈரம் ஆவியாக ஆவியாகக் குமிழ் குளிர்கிறது. அன்று இரண்டுக்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம். காற்று அவ்வளவு தாகமாக இருந்தது. அதனால்தான் அந்த ஊரில் மண்பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கிறது. ஜன்னலில் வைக்கும் ஏர்கூலர் வீட்டையே குளிர்விக்கிறது. அதே கூலரை மே மாதச் சென்னையில் வைத்தால் அறைக்குள் புழுக்கம்தான் கூடும்.

மனித உடம்புக்கும் அந்த ஈரத்துணிதான் கணக்கு. 45 டிகிரியில் ஈரப்பதம் பத்து சதவீதம் என்றால் ஈரத்துணி வெப்பமானி 21, 22இல் நிற்கும். 38 டிகிரியில் ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் அது 30ஐத் தொடும். வியர்வை காய்ந்து உடம்பு ஆற முடியுமா என்று பார்த்தால் சென்னையின் 38தான் கொடியது. எந்த ஊரில் அதிகம் என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடலோரத்தில் கப்பலிலும் உப்பளத்திலும் வேலை செய்கிறவர்களை நாம் மறந்துவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். தூத்துக்குடி உப்பளத்தில் வெள்ளை உப்பின் எதிரொளியில் நாளெல்லாம் நிற்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்கள் ஊர் எந்தச் சாதனைப் பட்டியலிலும் வராது.

சுருவின் வறண்ட வெயிலுக்கு வேறு ஓர் ஆபத்து உண்டு. வியர்ப்பதே தெரியாது. தோலில் ஊறிய கணமே காய்ந்துவிடுகிறது. சட்டை நனையாததால் உடம்பில் நீர் இறங்குவது மண்டையில் உறைப்பதில்லை. கடும் வேலை செய்கிறவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் இழக்கலாம். முதல் கோடையில் மருமகன் படுத்ததும் இப்படித்தான். "வேர்க்கலையே மாமா, அப்புறம் எதுக்குத் தண்ணி குடிக்கணும்னு இருந்துட்டேன்" என்றான்.

அன்றிரவு மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்தோம். பத்து மணி வரை சுவர்கள் அனல் கக்கின. நள்ளிரவுக்குப் பிறகு நட்சத்திரம் பொடிப்பொடியாகத் தெளிந்து, மூன்று மணிக்குப் போர்வையைத் தேடினேன். ஜனவரியில் பார்த்த அதே திறந்த கூரை. மறுநாள் மாலை 'ஆந்தி' என்னும் புழுதிக்காற்று வந்து, தூசி இறங்காமல் வானத்தில் தொங்கியது. அன்று நட்சத்திரம் இல்லை, தூக்கமும் இல்லை. விடியும்வரை கட்டில் கயிறு சுட்டது. மேகம் செய்யும் வேலையைத் தூசி செய்துவிட்டது. பகலில் 46ஐத் தாங்கிய உடம்பு இரவில் ஆற முடியாமல் போனால் மறுநாள் 44ஐக்கூடத் தாங்காது என்று அந்த இரவில்தான் புரிந்தது.

தூக்கமில்லாமல் ஐந்தரைக்கே எழுந்து ஊருக்கு வெளியே நடந்தோம். சேட்டானி கா ஜோகரா என்ற பழைய நீர்த்தேக்கம் அந்தப் பக்கம் இருக்கிறது. 1899ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது ஒரு வணிகக் குடும்பத்து விதவைப் பெண்மணி, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக வெட்டச் செய்தது. படிகளும் மண்டபமுமாக, அந்த மணல்காட்டில் அவ்வளவு அழகு. வழியெல்லாம் 'குண்டு' என்று அங்கே அழைக்கும் நீர்த்தொட்டிகள்: வட்டமாகச் சாய்த்துப் பூசிய தரை, நடுவே குவிமாடம் போட்ட மழைநீர்க் கிணறு, கதவுக்குப் பூட்டு. எங்கள் பக்கத்து வீடுகளில் நகைப்பெட்டிக்குப் போடும் பூட்டு அது.

இன்னும் தள்ளி ஒரு குளம் ஆழப்படுத்தும் வேலை நடந்தது. நரேகா வேலை, நாம் நூறு நாள் வேலை என்கிறோமே, அது. கோடைக்காலம் என்பதால் விடிந்ததும் தொடங்கி மதியத்தோடு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். ஓடனி என்ற முக்காட்டுத் துணியால் முகத்தை மூடி, தலையில் மண்சட்டி. அந்த இடத்தில் இருந்த ஒரே நிழல் ஒரு கேஜ்ரி மரம். நம் வன்னி மரம்தான். அதன் கிளையில் துணித்தூளியும் அடியில் இரண்டு பானையும். ஏழு மணிக்கே அந்த மரத்தின் நிழல் தூளிக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது.

ஒரு மூதாட்டி எனக்கு ராப்டி கொடுத்தார். கம்பு மாவை மோரில் புளிக்கவைத்துக் காய்ச்சியது. கம்பங்கூழுக்கு அண்ணன் தம்பி. குடித்துக்கொண்டே, முந்தாநாள் 46 என்று சொன்னேன். அவர் என் கையிலிருந்த கருவியைப் பார்த்தார், தூளி தொங்கிய மரத்தைப் பார்த்தார். "அது நிழல்ல பார்த்த கணக்கு பையா" என்றார். "எங்களை எங்கே வைத்து அளந்தாய்?"

என்னிடம் பதில் இல்லை. கூண்டு நிழலில் இருக்க வேண்டியது அறிவியலுக்குத் தேவை. இல்லாவிட்டால் சுருவையும் சென்னையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் வெட்டவெளியில் நிற்கும் உடம்பின்மேல் மேலிருந்து நேர்வெயில், கீழிருந்து அறுபது டிகிரி மணலின் அனல். சாதனை எண்ணில் இவை எதுவும் கிடையாது. சமவெளியில் 45 டிகிரி வந்தால் வெப்ப அலை, 47 வந்தால் கடும் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு இந்தக் குளத்துக்கு ஒரு சாக்குப் பந்தலாகவும் இன்னும் நான்கு பானைத் தண்ணீராகவும் வந்து சேர வேண்டும். மணலில் அப்பளம் சுட்டுக் காட்டும் வீடியோக்கள் ஆண்டுதோறும் வருகின்றன. இந்தப் பந்தல் வந்ததை யாரும் படம் பிடித்து நான் பார்க்கவில்லை.

எட்டரைக்குள் பெரியவர் வீட்டுக்குத் திரும்பினோம். காத்திருந்தார். இந்தத் தடவை நேராக நின்று படித்தேன். சாராயக் குச்சி 33ஐ ஒட்டிக் கிடந்தது. புழுதி வானத்தின் வேலை. எழுதிக்கொள்ள நீளமான நோட்டை எடுத்தார். பழைய பக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்டேன். ஜனவரிக்குத் திருப்பினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "விரல் மடங்கலை அன்னைக்கு" என்றார். மே மாதத்துப் பக்கங்களில் எழுத்து திருத்தமாக இருந்தது. தாள்தான் அப்பளம்போல் முறுகி ஓரம் சுருண்டிருந்தது. அவற்றைத் தாண்டி, ஜூலைக்கென்று ஒதுக்கி, தேதி மட்டும் போட்ட வெற்றுப் பக்கங்கள் கிடந்தன.

"மழை எப்போ வரும் பாபுஜி?" என்று மருமகன் கேட்டான்.

பெரியவர் குச்சியைச் சாய்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். பாதரச வெப்பமானியை எடுத்து இரண்டு உதறு உதறி, அதன் இடத்தில் படுக்கவைத்தார். கிண்ணத்தில் துணி நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார். "இதில் வித்தியாசம் குறைய ஆரம்பிக்கட்டும், சொல்றேன்" என்று அந்த இரண்டு வெப்பமானிகளையும் காட்டிவிட்டுக் கூண்டின் கொக்கியை மாட்டினார்.